டர்போ புகைந்தால் முதலில் எதைக் கழற்றுவது?

கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003இல் திறந்த டிராக், ஒரு சுற்று ஏறத்தாழ 2.1 கி.மீ. டிராக்குக்குள் விடுவதற்காக வரிசையில் நிற்கும்போதுதான் என் காரின் குட்டு வெளிப்படும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், கொசு மருந்து வண்டி வந்துவிட்டதா என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார் பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல். கம்பெனியிலிருந்து வரும்போது அதில் டர்போ கிடையாது. நிசான் சில்வியாவில் வந்த டி25 வகை டர்போ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நானும் ஒரு நண்பனும் பொருத்தினோம். டிராக்கில் மட்டும் ஓட்டுகிற கார் இது. ரோட்டில் ஓடும் காரில் இப்படிச் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். புகை வந்ததும் டர்போ போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, கோரை (ஷாஃப்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதியை) மாற்றினேன். மூன்றாவது வாரம் அதே புகை. இன்னொரு கோர். அதே புகை. கோளாறு டர்போவில் இல்லவே இல்லை என்பது இரண்டு கோருக்கான காசு போன பிறகுதான் தெரிந்தது.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டர்போவில் ஒரே ஷாஃப்டின் ஒரு முனையில் எஞ்சின் புகை சுற்றிவிடும் டர்பைன் வீல், மறுமுனையில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் வீல்; அந்தக் காற்றழுத்தம்தான் பூஸ்ட். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் ஷாஃப்ட் உலோகத்தின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை, மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. அந்த ஆயிலை உள்ளே தள்ள எஞ்சின் பம்ப் இருக்கிறது. வெளியே தள்ள யாருமில்லை. வேலை முடிந்த ஆயில் தன் எடையால் தானாகக் கீழே விழுந்து சேம்பருக்கு, அதாவது எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் சீலும் நாம் நினைக்கிற ரப்பர் சீல் அல்ல; பிஸ்டன் ரிங் போன்ற சின்ன இரும்பு வளையம். கோருக்குள் இருப்பதைவிட வெளியே அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரை அது ஆயிலைத் தடுக்கும். கோருக்குள் ஆயில் தேங்கிவிட்டால், புது டர்போவாக இருந்தாலும் அந்த வளையம் வழிவிட்டுவிடும்.

அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் கேட்பது மூன்றே கேள்வி. ஆயில் போதுமான அளவு வருகிறதா? தடையில்லாமல் இறங்குகிறதா? கிராங்க் கேஸிலிருந்து, அதாவது எஞ்சினின் கீழ்க்கூட்டிலிருந்து, காற்று எதிர்த்துத் தள்ளுகிறதா? டர்போ கெட்டிருக்கிறதா என்பது நான்காவது கேள்வி.

நின்றால் புகை, ஓட்டினால் காணோம்

என் காரின் நோய் இதுதான். மாடிஃபைட் கார்களில் நான் அதிகம் பார்த்ததும் இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓடும்போது ஒரு பக்கம் பூஸ்ட், இன்னொரு பக்கம் சைலன்சர் அழுத்தம், இரண்டும் சேர்ந்து ஆயிலை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐட்லிங்கில் அந்த அழுத்தம் விழுந்துவிடும். இறங்கும் வழி குறுகலாக இருந்தால் ஆயில் கோரில் தேங்கி, டர்பைன் பக்கம் வழிந்து, சூடான குழாயில் பட்டுப் புகையும். எஞ்சினுக்குள் எரியாமல் சைலன்சரில் மட்டும் வெந்துபோகிற ஆயில் அது. அதனால் புகை நல்ல நீலமாக இல்லாமல் வெளிறிய சாம்பல் நிறத்திலும் வரலாம். நிறத்தை மட்டும் வைத்து 'தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போச்சு' என்று ஓட வேண்டாம், வாடை பாருங்கள். கருகிய எண்ணெய் வாடை தனியாகத் தெரியும்.

முதலில் டிப்ஸ்டிக்கை எடுங்கள். சிரிக்காதீர்கள். ஆயில் கூலர் போட்டவர்கள் 'ஒரு லிட்டர் சேர்த்தே இருக்கட்டும்' என்று ஊற்றிவிடுவார்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், டர்போவிலிருந்து வரும் ஹோஸின் வாய் சேம்பர் ஆயிலுக்குள் முங்கிக் கிடக்கும். முங்கிய வாய்க்குள் ஆயில் விழாது, மேலே நிற்கும்.

மட்டம் சரியாக இருந்தால், எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் புகைந்துகொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். சில எஞ்சின்களில் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும், பரவாயில்லை. அடுத்த சில நிமிடங்களில் புகை தெளிவாகக் குறைந்தால், கிராங்க் கேஸில் அடைபட்ட காற்றுதான் ஆயிலை இறங்க விடாமல் தடுக்கிறது. பிரீதர் ஹோஸ் (கிராங்க் கேஸின் காற்று வெளியேறும் குழாய்), பிசிவி வால்வ் (அந்தக் காற்றை இன்டேக் மேனிஃபோல்டுக்கு விடும் வால்வ்), கேட்ச் கேன் (அதோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா), இந்த மூன்றையும் பாருங்கள். கேட்ச் கேனை அழகுக்காக வாங்கிப் பொருத்தி, உள்ளே அடர்த்தியான ஸ்டீல் வுல் திணித்து, விரல் மொத்தத்தில் இருந்த பிரீதரைப் பென்சில் மொத்தத்துக்குக் குறுக்கி வைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூடி சோதனையில் திருப்தி இல்லையென்றால் அளந்தே பார்க்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, கண்ணாடி போன்ற டியூப், அது இரண்டு மீட்டர் போதும். 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருகுங்கள். மற்ற முனை திறந்தே இருக்கட்டும். ஐட்லிங்கில் இரண்டு பக்கத் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அல்லது எஞ்சின் பக்கம் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இடையே 5 செ.மீ. வித்தியாசம் வந்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஏறியிருந்தால் நான் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஏன் அவ்வளவு சின்ன அளவுக்கே பயப்பட வேண்டும்? டர்போ, சேம்பரில் உள்ள துளையைவிட 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஹோஸ் முழுக்க ஆயில் நின்றாலும், ஆயில் தண்ணீரைவிட லேசானது என்பதால், அது கீழே தள்ளும் பலம் 17 செ.மீ. தண்ணீருக்குச் சமம். பிஎஸ்ஐ கணக்கில் கால் பிஎஸ்ஐகூட இல்லை. பம்ப் 40, 50 பிஎஸ்ஐயில் உள்ளே தள்ளுகிறது, வெளியே வருவதற்குக் கால் பிஎஸ்ஐகூடக் கிடையாது. ஹோஸில் ஒரு சின்ன வளைவு, கிராங்க் கேஸில் ஒரு சின்ன அழுத்தம், இது போதும் ஆட்டத்தைக் கலைக்க.

கிராங்க் கேஸ் சுத்தமாக இருந்தால், மிச்சம் டிரெயின் ஹோஸ், டர்போவிலிருந்து ஆயில் சேம்பருக்கு இறங்கும் குழாய். டர்போ தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 10-ஏஎன் அளவு, அதாவது உள்விட்டம் ஏறத்தாழ 14 மி.மீ. டர்போவின் அடித் துளையைவிட எந்த இடத்திலும் ஹோஸ் சிறுத்துவிடக் கூடாது. நேர் கீழாக இறங்க வேண்டும். சாய்வு தவிர்க்க முடியாவிட்டால் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள். எங்கேயும் வயிறு மாதிரித் தொங்கி மறுபடி மேலே ஏறக் கூடாது. டர்போவிலிருந்து வருவது சுத்தமான ஆயில் அல்ல, நுரை. அதோடு சீல் வழியாக ஒழுகும் காற்றும் சேர்ந்து வரும். ஹோஸ் பாதி காலியாக இருந்தால்தான் இரண்டும் இறங்கும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். டர்போவுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, ஹோஸுக்கு ரேடியேட்டருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த நீல சிலிகான் துண்டைப் போட்டிருந்தேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. சாதாரண சிலிகான் ஹோஸ் தண்ணீருக்கானது, சூடான ஆயிலைத் தாங்காது. ஆயிலுக்கென்றே உள்பூச்சு உள்ள வகை தனியாக இருக்கிறது. இரண்டாவது கோரும் புகைந்த பிறகு ஆத்திரத்தில் அந்த ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே புதிதுபோல் பளபளப்பு. உள்ளே வளைவு வருகிற இடத்தில் சுவர் ஊறி, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உப்பி, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு வாய் குறுகிக் கிடந்தது. குளிர்ந்த நிலையிலேயே அப்படியென்றால், சூட்டில் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஹோஸைக் கிழிக்காமலே சோதிக்கவும் வழி இருக்கிறது. சேம்பர் பக்கம் உள்ள துளையை மூடிவிட்டு, டர்போவின் அடியிலிருந்து ஒரு பெரிய ஹோஸை நேராகக் கீழே ஒரு கேனுக்குள் விடுங்கள். டவுன்பைப்பை (டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயை) கழற்றி, டர்பைன் வாயை பனியன் வேஸ்டால் துடைத்து உலர்த்துங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சத்தம் காதைக் கிழிக்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது, ஒரு நிமிடத்துக்கு மேல் போகவும் கூடாது. சேம்பர் ஆயில் கேனில் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். வழக்கமான ஹோஸில் நனைந்த டர்பைன் வாய், கேனில் விட்டபோது உலர்ந்தே இருந்தால் கோர் நிரபராதி.

இதே வகையில் டிராக்கில் மட்டும் வரும் ஒரு விசித்திரம் உண்டு. நீளமான வளைவு ஒன்றை முடித்து வெளியே வரும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை, மற்றபடி சுத்தம். காரை 1 ஜி பக்க விசையில் திருப்பினால் சேம்பரில் உள்ள ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். டிரெயின் துளை சேம்பரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் ஆயில் ஏறும் வளைவில் துளை முங்கிவிடும். இடப்பக்க வளைவில் வருகிறதா வலப்பக்க வளைவில் வருகிறதா என்று கவனித்தாலே விடை கிடைத்துவிடும். துளையை இன்னும் உயரத்தில் வைத்து வெல்டிங் செய்வதும், சேம்பருக்குள் தடுப்புத் தகடு வைப்பதும்தான் மருந்து.

இறக்கம் முடிந்து மிதிக்கும்போது புகை

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்குகிறீர்கள், 40 கொண்டை ஊசி வளைவு. கியரிலேயே எஞ்சின் பிரேக் பிடித்து வந்து, கீழே சமதளத்தில் மிதித்ததும் பின்னால் நீலமாக ஒரு மேகம் எழுகிறது. பெட்ரோல் கார் என்றால் டர்போவைச் சந்தேகப்படுவதற்கு முன் வால்வ் சீலைச் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயில்) வெற்றிடம் பலமாக இருக்கும். தேய்ந்த வால்வ் சீல் வழியாக அது ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மிதித்ததும் எரியும்.

உறுதிப்படுத்த டர்போவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சின் புகை வெளிவரும் குழாயிலிருந்து) பிரித்து, டர்பைனுக்குள் நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் பாருங்கள். இரண்டும் நனைந்திருந்தால் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது. நுழைவாயில் உலர்ந்து, வெளிவாயில் மட்டும் நனைந்திருந்தால் டர்போவிலிருந்து வருகிறது. இவ்வளவு நேராக விடை சொல்லும் சோதனை எஞ்சினில் வேறு எதற்கும் கிடையாது, ஆனால் கேஸ்கெட்டுக்குச் செலவாகும் என்று இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை

பத்து வினாடி புகைந்து நின்றுவிட்டால் இதுவும் பெரும்பாலும் வால்வ் சீல்தான். ராத்திரி முழுக்கச் சொட்டியது காலையில் எரிகிறது. டிரெயின் ஹோஸ் வயிறு விட்டுத் தொங்கினாலும் இப்படி வரும். மேலே சொன்ன சோதனையே போதும், புதிதாக ஒன்றும் இல்லை.

பூஸ்ட் ஏறும்போது மட்டும் புகை

நின்றால் சுத்தம், இறக்கத்தில் சுத்தம், முழுசாக மிதித்தால் மட்டும் நீலம். இங்கே இரண்டு பேர் குற்றவாளிக் கூண்டில். ஒன்று பிஸ்டன் ரிங். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினில் பூஸ்ட் ஏற்றினால் ரிங்கைத் தாண்டிக் கீழே போகும் காற்று கூடும். கம்பிரஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும் செய்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று பிசிவி வால்வ், அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், விலை குறைவு என்பதால் மட்டுமல்ல. டர்போ இல்லாத எஞ்சினின் பிசிவி வால்வுக்கு, இன்டேக் மேனிஃபோல்ட் எப்போதும் இழுக்கும் என்றுதான் தெரியும். நீங்கள் டர்போ வைத்த பிறகு மேனிஃபோல்ட் தள்ளவும் செய்கிறது. அந்த வால்வ் முழுசாக அடைக்காவிட்டால் பூஸ்ட் நேரே கிராங்க் கேஸுக்குள் போகும். அப்புறம் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும், எல்லா சீலும் ஒழுகும், டர்போ ஆயில் இறங்காமல் தவிக்கும். வால்வைக் கழற்றி மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து வாயால் ஊதிப் பாருங்கள், வாய்க்கு எட்டும் முனையைத் துடைத்துவிட்டு. கொஞ்சம் காற்று போனாலும் பூஸ்டைத் தாங்கும், ஒரு திசையில் மட்டும் காற்றை விடும் செக் வால்வ் ஒன்றை வரிசையில் சேர்த்துவிடுங்கள். என் காரில் இதையும் செய்திருக்கிறேன். அதற்கு முன்பு முழு பூஸ்டில் டிப்ஸ்டிக் இரண்டு விரற்கடை மேலே வந்து நிற்கும்.

இன்டர்கூலர் பைப்பில் ஆயில்

இன்டர்கூலர் என்பது டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம். அதன் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் பூசினாற்போல் இருக்கிறது என்று பதறி வருபவர்கள் அதிகம். பிரீதரை டர்போவின் முன்பக்கம் இணைத்த எந்தக் காரிலும் மெல்லிய பூச்சு இருக்கும். விரலால் தொட்டால் பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டம்ளர் வருகிறது என்றால்தான் தேடல்.

தேடலின் முதல் படி எளிது. பிரீதரை டர்போ வாயிலிருந்து பிரித்துத் தற்காலிகமாக ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பைப்புகளைத் துடைத்துப் பூட்டி, ஒரு நாள் ஓட்டுங்கள். ஆயில் பாட்டிலில் சேர்ந்து பைப் உலர்ந்திருந்தால் அது எஞ்சின் விட்ட மூச்சு, டர்போ அல்ல. பைப் மறுபடி நனைந்தால், ஏர் ஃபில்டர் பக்கம் போங்கள். அடைத்த ஃபில்டர் டர்போ வாயில் வெற்றிடத்தை உண்டாக்கி, காற்றுப் பக்க சீல் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுக்கும். சின்ன கூம்பு ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் திணித்து, மழைக்கு என்று பாலிதீன் சுற்றி வைத்த ஒரு காரை நானே பார்த்தேன். பாலிதீனைக் கழற்றியதோடு வியாதி தீர்ந்தது.

சங்கு ஊதுவது போன்ற சத்தம், பூஸ்ட் குறைவு

இதுவரை சொன்னது ஆயில் தேங்கும் நோய். இது ஆயில் பட்டினி. இதில் அவசரம் உண்டு. இந்த சத்தத்தோடு இன்னொரு சுற்று ஓட்டினால், ஷாஃப்ட் முறிந்து வீல் தூள் தூளாகி இன்டர்கூலருக்குள் போகும் வாய்ப்பு இருக்கிறது.

எஞ்சின் ஆறியதும் காற்றுப் பக்க பைப்பைக் கழற்றி, ஷாஃப்டின் நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் அசையும். ஆயில் படலத்தில் மிதக்கும் வகை அப்படித்தான், பயப்பட வேண்டாம். வீல் சுவரில் உரசாமல் இருந்தால் போதும். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. அந்தத் திசையில் டயல் கேஜ் 0.1 மி.மீட்டருக்கு மேல் காட்டினால், ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங் போய்விட்டது. கோவையில் டயல் கேஜ் இல்லாத லேத் பட்டறை கிடையாது, இரவல் கேட்டால் கொடுப்பார்கள்.

கோரைப் பிரித்துப் பார்ப்பது இன்னும் நல்லது, அதில் எல்லாம் எழுதியிருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறியிருந்தால் ஆயில் வரவில்லை. நிறம் மாறாமல், ரெக்கார்டு தட்டு மாதிரி வளையம் வளையமாகக் கீறல் இருந்தால் ஆயில் வந்திருக்கிறது, ஆனால் தூசியோடும் உலோகத் துகளோடும் வந்திருக்கிறது. காற்றுப் பக்க வீலின் முதுகு ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் ஆயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். பூஸ்டை அளவுக்கு மீறி ஏற்றி, டர்போவை அதன் வேகத்துக்கு மேல் சுற்ற விட்டிருக்கிறீர்கள்.

ஷாஃப்டில் நீலம் கண்டால் ஃபீட் லைனை, அதாவது டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் குழாயை, தலை முதல் கால் வரை பாருங்கள். மாடிஃபைட் காரில் நம் கைவரிசை நிறைய இருக்கும் இடம் இது. டெஃப்லான் டேப் சுற்றிய ஃபிட்டிங் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். டேப்பின் நூல் கிழிந்து உள்ளே போய், டர்போவின் ஆயில் துளையில் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். கேஸ்கெட் இடத்தில் சிலிகான் பேஸ்ட் பிதுங்கியிருந்தாலும் அதே கதைதான். ஆயில் போகும் வழியில் பேஸ்டுக்கு வேலையே இல்லை. பேஞ்சோ போல்டுக்குள் (நடுவே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) சல்லடை இருக்கிறதா என்று பாருங்கள். சுபாருவின் ஈஜே வகை டர்போ எஞ்சின்களில் இப்படி ஒரு சல்லடை உண்டு, ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அது அடைத்து டர்போவைப் பட்டினி போடும். மற்ற கார்களிலிருந்து எடுத்துப் போட்ட பேஞ்சோ போல்டிலும் அது ஒளிந்திருக்கலாம்.

அப்புறம் ரெஸ்ட்ரிக்டர், அதாவது ஆயில் வரத்தைக் குறைக்கும் சின்னத் துளையுள்ள பாகம். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் குறைவாகப் போதும், அதற்கு 1 மி.மீ. அளவு துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் போடச் சொல்கிறார்கள். அதைத் தாண்டி டர்போவுக்குள் நுழையும் அழுத்தம் முழு ஆர்பிஎம்மில் 40 முதல் 45 பிஎஸ்ஐ இருந்தால் சரி. ஆயில் படலத்தில் மிதக்கும் சாதாரண பேரிங் டர்போவுக்குப் பொதுவாக ரெஸ்ட்ரிக்டர் வேண்டாம், ஏறத்தாழ 6 மி.மீ. உள்விட்டமுள்ள லைன் அப்படியே போகட்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. இணையத்தில் யாரோ போட்டிருக்கிறார் என்று சாதாரண டர்போவுக்கு 1 மி.மீ. துளை போட்டுப் பட்டினி போடுகிறார்கள். பால் பேரிங் டர்போவுக்கு எதுவும் போடாமல் மூழ்கடிக்கிறார்கள். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

லைனில் எல்லாம் சரி என்றால், ஆயில் பிரஷர் மீட்டரை டர்போ நுழைவாயிலிலேயே இணைத்துப் பாருங்கள், பிளாக்கில் அல்ல. 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு. பிளாக்கில் நல்ல அழுத்தம், டர்போ வாயில் பாதி என்றால் இடையில் எங்கோ அடைப்பு. வளைவுகளில் மட்டும் முள் விழுந்தால், சேம்பரில் ஆயில் ஒதுங்கி, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுகிறது.

புது கோர் போட்டு நூறு கிலோமீட்டரில் போய்விட்டது

பழைய கோர் ஏன் போனது என்று பார்க்காமல் புதிது போட்டால் இதுதான் நடக்கும். பழையது விட்டுச்சென்ற துகள் ஃபீட் லைனிலும் ஆயில் கூலரிலும் மிச்சமிருக்கும். லைனைக் கழுவ முயல வேண்டாம், புதிதே போடுங்கள். கூலருக்குள் ஒளிந்த துகளை முழுசாக வெளியேற்றியதாக நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு, நானும் ஒருவன். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது. இன்டர்கூலரைக் கவிழ்த்துக் கழுவிக் காய வையுங்கள்.

மாட்டிய பிறகு நேராகச் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஃபீட் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக்கொண்டே வீலைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஃபியூவல் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடியுங்கள். டிரெயின் பக்கம் ஆயில் எட்டிப் பார்த்த பிறகே ஹோஸைப் பூட்டி, ஃபியூஸைச் செருகி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் ஐட்லிங்கில் மட்டும். வண்டி ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோருக்கும் உண்டு. அந்த ஒரு முறுக்கலில் உலர்ந்த பேரிங் தன் ஆயுளில் பாதியை இழந்துவிடும்.

வெளியே கசிவு

பேஞ்சோ போல்டின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், விலை ஒரு டீ காசுதான். அதைவிட முக்கியம் மரை. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலிருந்து ஃபீட் எடுப்பது வழக்கம். ஜப்பானிய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 மரை. வெளிநாட்டு கிட்டோடு வரும் ஃபிட்டிங் 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27. முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், 'நல்லாப் பிடிச்சிருக்கு' என்று தோன்றும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் அடாப்டர் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே கரி

கழற்றிய ஃபீட் பைப்பின் டர்போ முனையில் கறுப்பாக, சுரண்டினால் உதிரும் கரி இருந்தால், சூட்டோடு எஞ்சினை அணைக்கும் பழக்கம் காரணம். நின்றுபோன ஆயில் சூட்டில் கருகுகிறது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதன் பிறகு ஒரு நிமிடம் ஐட்லிங். தண்ணீர் இணைப்புள்ள கோர் என்றால் அதைக் கட்டாயம் இணையுங்கள். ஹோஸ் மேலேறிச் செல்லும்படி இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலே போய்க் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். 'தண்ணீர் எதற்கு, ஆயிலே போதும்' என்று அந்த இரண்டு துளையையும் போல்ட் போட்டு அடைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஆயில் முழு சிந்தெடிக்காக இருக்கட்டும். டிராக்கில் ஓடும் காருக்கு ஆயில் மாற்ற 5,000 கி.மீ. வரை நான் காத்திருப்பதே இல்லை.

என் காருக்குத் திரும்புகிறேன். சிலிகான் ஹோஸைத் தூக்கிப் போட்டு, ஆயிலுக்கான 10-ஏஎன் ஹோஸ் போட்டு, சேம்பரில் துளையை இரண்டு அங்குலம் உயர்த்தி வெல்டிங் செய்தோம். ஸ்டார்ட் செய்தோம். புகை முன்பைவிட அதிகமாக வந்தது. நண்பன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். மாதக்கணக்கில் சைலன்சருக்குள் தேங்கிய ஆயில் அங்கே இருக்கிறது, சூடேறினால் அது எரிந்துதான் ஆக வேண்டும். இந்த இடத்தில் பயந்து டர்போவை மறுபடி கழற்றியவர்கள் பலர். டர்பைன் வாயை மட்டும் துடைத்து வைத்திருந்தோம், அது உலர்ந்தே இருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடம், நடுவில் இரண்டு டீ. அதன் பிறகு பின்னால் வெறும் சூட்டலை மட்டும் நெளிந்தது.